உரக்கிடங்குப் புகைக்கு லாரி மருந்தல்ல

கேள்வி: எங்களுடையது தென்காசி மாவட்டத்தில், கேரள எல்லையோரச் சின்ன நகராட்சி (ஊர்ப் பெயர் வேண்டாம்). உரக்கிடங்கில் எப்போதும் புகை. கேட்டால் ‘லாரி பத்தாது, நிதி இல்லை’ என்கிறார்கள். போதாக்குறைக்குக் கேரளக் குப்பையும் இங்கே வந்து விழுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் அக்கா? கவுன்சிலரிடம் என்ன கேட்பது?

பதில்: இன்னொரு லாரி மட்டும் கேட்டுவிடாதீர்கள் தம்பி.

எல்லையோர நகராட்சிகளில் துப்புரவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சந்தைக்கு மறுநாள் காலையில் உரக்கிடங்கில் லாரி கொட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வாழையிலை, முட்டைக்கோஸ் தழை, முடிச்சுப் போட்ட பாலிதீன் பைக்குள் சாம்பார் ஊறிய சோறு. காற்றுப் புகாமல் இதெல்லாம் அடியில் புழுங்கினால் மீத்தேன் உண்டாகும். மேலே ஒரு பொறி விழுந்தால் போதும், உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். லாரி கூடினால் குவியல்தான் கூடும்.

அந்தப் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். கொச்சியின் குப்பையைக் குவித்த பிரம்மபுரம் 2023 மார்ச்சில் நாள்கணக்கில் எரிந்தது. நாம் பார்த்துப் படிக்க வேண்டிய ஊர் ஆலப்புழை. அந்த நகரசபை தன் குப்பையைப் பக்கத்துச் சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. அங்குள்ள ஜனங்கள் லாரியை மறித்தார்கள். கொட்ட இடமில்லை என்றான பிறகுதான், 2012 வாக்கில், மக்கும் குப்பையை வீட்டிலும் தெருவிலுமே முடித்துக்கொள்ளும் வேலையில் இறங்கினார்கள். இடமுள்ள வீட்டுக்குக் குழாய் உரம் (குழாய்க்குள் போட்டு மக்கவைப்பது) அல்லது பயோகேஸ். இடமில்லாதவர்களுக்குத் தெருவோரத்தில் தும்பூர்முழிப் பெட்டி. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழி மாட்டுப் பண்ணையில் உருவான முறை அது. நாலடிக்கு நாலடிப் பெட்டி, சுவரில் காற்றுப் போக இடைவெளி. அடியில் சாணம், அதன்மேல் சருகு, அப்புறம் சமையல் கழிவு. மறுபடியும் சாணம், சருகு. நிறைந்ததும் விட்டுவைத்தால் சுமார் மூன்று மாதத்தில் உரம். காற்றோட்டம் இருப்பதால் நாறாது. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து வீடு வீடாக வந்து சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுக்க வேண்டும், மாதக் கட்டணமும் உண்டு.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2017-ல் குப்பை விஷயத்தில் முன்மாதிரி என்று சொன்ன ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று, கொலம்பியாவிலுள்ள கஹிகா என்ற சிற்றூரும் ஒன்று. சின்ன ஊரால் முடியாது என்று யார் சொன்னாலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேரளக் குப்பை பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. 2024 டிசம்பரில் நெல்லைப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு அவர்களே வந்து அள்ளிப்போனார்கள். கண்ணில் பட்டால் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். ஆனால் உங்கள் கிடங்கில் தினமும் போய்ச் சேருவது உங்கள் ஊர்க் குப்பைதான்.

நிதி இல்லை என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள நகரங்களுக்கு 15-ஆவது நிதிக் குழு 2021–26-க்குத் தந்த மானியத்தில், 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. உங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது, அதில் லாரிக்கும் டீசலுக்கும் போனது எவ்வளவு, உரமாக்கப் போனது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நம் மாநிலத்தில் 2022 நவம்பர் 1 முதல், கிராம சபை போல நகரத்து மக்களுக்கான பகுதி சபை கூடுகிறது. அங்கே கேட்டால் கவுன்சிலர் நழுவ முடியாது. முதலில் சந்தைக்கும் ஓட்டல்களுக்கும் பெட்டி கேளுங்கள், மக்கும் குப்பை மொத்தமாகச் சேருவது அங்கேதான்.

தூய்மைப் பணியாளர்களையும் சபைக்குக் கூப்பிடுங்கள். எந்தத் தெரு பிரித்துக் கொடுக்கிறது, எந்த ஓட்டல் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் போடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.