கரையும் பிளக்கை மேலிருந்து தூண்டுவது எப்போது பயன் தரும்?

கேள்வி: மேற்கு டெக்சஸில், மிட்லாண்ட் வட்டாரத்து எண்ணெய்க் கிணறுகளில், தோண்டிய கிணற்றை உற்பத்திக்குத் தயார்ப்படுத்தும் நிறைவுப் பணிப் பொறியாளராக இருக்கிறேன். கிடைமட்டப் பகுதியின் நீளம் ஏறத்தாழ 3,200 மீட்டர். அடியில் வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ளது. ஃபிராக் (உயர் அழுத்த நீரால் பாறையைப் பிளத்தல்) கட்டங்களைப் பிரிக்க, மெக்னீசியக் கலவையால் ஆன கரையும் பிளக்குகளை, அதாவது கிணற்றுக் குழாயை அடைத்துப் பின் கரைந்துபோகும் அடைப்புகளை இறக்குகிறோம். பம்பு பழுதாகி வேலை நின்றால் பிளக் முன்னதாகவே வலுவிழக்கிறது. வேறு சில கிணறுகளிலோ வாரக்கணக்கில் கரையாமல் கிடக்கிறது. மேற்பரப்பிலிருந்து சமிக்ஞை அனுப்பிக் கரைதலைத் தொடங்கிவைக்கும் பிளக்குக்கு மாறலாமா?

பதில்: எல்லாக் கட்டங்களுக்கும் மாற வேண்டாம் என்பதே என் கருத்து. எந்தச் சமிக்ஞையும் தானாக எதையும் கரைப்பதில்லை. மெக்னீசியம் நீருடன் வினைபுரிந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. கலவையில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நிக்கல், செம்பு போன்றவற்றின் நுண்துகள்கள் உள்ளுக்குள்ளேயே சிறு மின்கலங்களை உண்டாக்கி அந்த அரிப்பை விரைவுபடுத்துகின்றன. சாதாரணக் கரையும் பிளக்கில் நீர் பட்ட நொடியிலேயே இது தொடங்கிவிடும். தூண்டல் வகையில், கரையவேண்டிய பகுதி எண்ணெயிலோ மூடிய அறையிலோ நீர் படாமல் வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஓர் அழுத்த உணரி, மின்சுற்று, பேட்டரி. குறியீடு வந்ததும் சிறு வெடிமருந்து ஓர் ஊசியைத் தள்ளித் தகட்டைத் துளைக்க, கிணற்று நீர் உள்ளே புகுகிறது. ஆகவே நீங்கள் கூடுதலாக விலை கொடுத்து வாங்குவது, குறித்த நேரம் வரை ஒரு சீல் கசியாது என்ற உறுதியைத்தான். விற்பவரிடம் சீல் சோதனை முடிவுகளை முதலில் கேளுங்கள். சமிக்ஞையின் நுட்பத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் வகைக் கிணற்றில் சமிக்ஞை செல்லும் வழியே பெரிய சிக்கல். மேலிருந்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் குறியீடு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் பிளக்குக்கு மேல் இரண்டாவது பிளக் அமர்ந்து, அதன் நடுத்துளையை மூடும் பந்தும் இருக்கையில் பொருந்திவிட்டால், கீழே உள்ளதற்கு மேற்பரப்பின் அழுத்த மாற்றம் எட்டாது. நாற்பது கட்டங்கள் முடிந்தபின் கடைசிப் பிளக் ஒன்றுதான் உங்கள் குறியீட்டைக் கேட்கும் நிலையில் இருக்கும். நீரோடு சேர்த்துப் பம்பு செய்யப்படும் ரேடியோ அடையாளச் சில்லுகளுக்கும் அதே தடைதான். போதாததற்கு, ஃபிராக் வேலையே அழுத்தத்தை ஓயாமல் ஏற்றி இறக்குவதாகும். பம்பு நின்று மீண்டும் ஓடுவதைத் தன் குறியீடு என்று பிளக் எண்ணிக்கொண்டால் அந்தக் கட்டம் வீண்.

இதற்கு மாற்றாக, முதல் ஃபிராக் அழுத்தத்தை உணர்ந்தவுடன் எண்ணத் தொடங்கும் நேரக் கடிகாரத்தை வைக்கலாம். ஆனால் இறக்கியபின் அந்த நேரத்தை மாற்ற முடியாது. வேலை தாமதமாகும் என்பதுதானே உங்கள் கவலையே! பேட்டரி உங்களுக்குத் தடையாக இராது; லித்தியம் தயோனைல் குளோரைடு கலங்கள் 70 டிகிரியை எளிதில் தாங்கும். லித்தியம் உருகுவது 180.5 டிகிரியில் என்பதால், அதை நெருங்கும் வெப்பக் கிணறுகளில் இருப்போர்தாம் சிறப்புக் கலங்களைத் தேட வேண்டும். எனினும் பேட்டரி செத்துவிட்டால் அறை மூடியபடியே இருக்குமா, தானாகத் திறக்குமா என்பதற்கு எழுத்துமூலம் விடை வாங்காமல் எதையும் இறக்காதீர்கள்.

ஒற்றைத் தடையாக நிற்கும் இடத்தில் இத்தொழில்நுட்பம் தன் விலைக்கு ஈடு செய்கிறது. நிறைவுக் குழாயின் அடியில் ஒரே ஓர் அடைப்பை வைத்து, அதன்மேல் அழுத்தம் ஏற்றி பேக்கரை (குழாயைச் சுற்றிய இடைவெளியை அடைக்கும் கருவி) அமர்த்தி, குழாயையும் சோதித்து முடித்தபின், கம்பியோ காயில்டு டியூபிங்கோ (சுருளிலிருந்து இறக்கும் நீண்ட எஃகுக் குழாய்) இறக்காமல் அந்த அடைப்பை நீக்கவேண்டிய கடல் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே குறியீட்டுக்கும் அடைப்புக்கும் இடையே வேறு தடை இல்லை. ஓர் இறக்கத்தைத் தவிர்த்தாலே ரிக்கின் நாள் வாடகையில் செலவு ஈடாகிவிடும்.

உங்கள் இரு தொல்லைகளுக்கும் வேர், பெரும்பாலும் நீரில் இருக்கிறது. உங்கள் வட்டாரம் அடங்கிய பெர்மியன் படுகையில் கிணற்றிலிருந்து வெளிவரும் உப்பு நீரை மீண்டும் ஃபிராக்குக்குப் பயன்படுத்துவது வழக்கம். குளோரைடு மிகுந்த அந்நீரில் ஒரே பிளக் விரைவாகவும், நன்னீரில் மந்தமாகவும் கரையும். பம்பு ஓடும்போது குளிர்ந்த நீர் பிளக்கைச் சுற்றிய வெப்பத்தைத் தணிக்கிறது. நின்றதும் கிணறு சூடேறுகிறது, அரிப்பும் வேகம் பிடிக்கிறது. எனவே நீண்ட நிறுத்தம் வரும் என்று தெரிந்தால், ஒரு பம்பாவது ஓடும் நிலையில் இருக்கும்போதே உப்பு நீரைத் தள்ளி நன்னீரை நிரப்பிவையுங்கள்.

பிளக் கலவையின் துண்டு ஒன்றை வாங்கி, உங்கள் ஃபிராக் நீரிலேயே 70 டிகிரியில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை உலர்த்தி எடை பாருங்கள். சதுர செண்டிமீட்டருக்கு மணிக்கு எத்தனை மில்லிகிராம் குறைகிறது என்று பதிவு செய்யுங்கள். சிறிய ஜாடியில் செய்தால் ஏமாந்துபோவீர்கள்: ஹைட்ராக்சைடு சேரச் சேர நீரின் காரத்தன்மை பிஎச் 10-ஐத் தாண்டி, துண்டின்மேல் வெள்ளைக் கூழ் படிந்து வினை தளர்ந்துவிடும். நீரை அவ்வப்போது மாற்றிய ஒரு ஜாடியும் மாற்றாத ஒரு ஜாடியும் இருந்தால், ஓட்டமில்லாத கிணற்றில் உங்கள் பிளக்குகள் ஏன் அப்படியே கிடக்கின்றன என்பதும் விளங்கிவிடும். அத்தகைய கிணற்றில் சிறிது அமிலம் செலுத்தினால் அந்தப் படிவு கரைந்து வினை மீண்டும் நடக்கும்.

பிளக்குகளை ஒரே வகையாக வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. கிணற்றின் கடைக்கோடியில் உள்ளவை முதலில் அமர்த்தப்படுவதால் கரைவதற்கு நிறைய நாள் கிடைக்கிறது. பிளக்கைக் குடைந்தெடுக்க இறக்கும் காயில்டு டியூபிங் நெளிந்து சிக்கிக்கொண்டு, அவ்வளவு தூரம் எட்டாமல் போகும் இடமும் அதுதான். அங்கே மெதுவாகக் கரையும் பிளக்கை வையுங்கள். செங்குத்துப் பகுதியை ஒட்டிய கட்டங்களுக்குக் கரைய நாளில்லை, குடைந்தெடுப்பதோ எளிது. அங்கே வழக்கமான, கரையாத காம்போசிட் (இழை கலந்த பிசின்) பிளக்கே போதும்.

ஹைட்ரஜனை மறக்காதீர்கள். ஒரு கிலோ மெக்னீசியம் முழுதாகக் கரைந்தால் சாதாரண வளி அழுத்தத்தில் 900 லிட்டருக்கும் மேல் ஹைட்ரஜன் வெளிவரும். கிணறு திரும்பப் பாயத் தொடங்கும்போது களத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு உணரிகள் ஹைட்ரஜனைக் கண்டும் ஒலிக்கக்கூடும். ஒலித்தால் பொய் எச்சரிக்கை என்று ஒதுக்காமல் ஆட்களை விலக்குங்கள். பிறகு ஹைட்ரஜனுக்கான தனிக் கருவியால் அளந்து பாருங்கள்.