கப்பியில் தொங்கும் வாளி: 75 வந்தது ஏன், 30 எப்படி வரும்?

கேள்வி: 4 கிலோ நிறையும் 20 செ.மீ. ஆரமும் கொண்ட சீரான வட்டத் தட்டு ஒன்று கப்பியாக இருக்கிறது. அதில் சுற்றிய கயிற்றின் நுனியில் 3 கிலோ வாளி. வாளியை விட்டதும் கப்பியின் கோண முடுக்கம் என்ன? எனக்கு 75 ரேடியன்/வி² வருகிறது. விடைக்குறிப்பில் 30 என்று இருக்கிறது. எங்கே தவறினேன்? (புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி².)
பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: விடைக்குறிப்பு சரிதான். உங்கள் 75-ஐ ஆரத்தால் பெருக்கிப் பாருங்கள்: 75 × 0.2 = 15 மீ/வி². கயிறே இல்லாமல் கைவிட்டால்கூட வாளியின் முடுக்கம் 10 தான். கப்பியையும் சுழற்றிக்கொண்டு இறங்கும் வாளி அதைவிட விரைவாக விழ வழியே இல்லை. இப்படிப்பட்ட கணக்கில் விடை வந்தவுடன் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாளியின் எடையான 30 நியூட்டனை ஆரத்தால் பெருக்கி, திருப்பு விசை 6 நியூட்டன் மீட்டர் என்று எடுத்திருக்கிறீர்கள். கப்பியின் நிலைமத் திருப்புத்திறன் ½ × 4 × 0.2² = 0.08 கிலோ மீ². 6-ஐ 0.08-ஆல் வகுத்தால் 75. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் 30 நியூட்டன் வாளியின் மேல் செயல்படும் விசை. கப்பியைத் தொடுவது கயிறு மட்டும்தான். ஆகவே அதைச் சுழற்றுவது கயிற்றின் இழுவிசை. வாளி அசையாமல் தொங்கும்போதோ சீரான வேகத்தில் இறங்கும்போதோதான் இழுவிசை எடைக்குச் சமம். கீழ்நோக்கி முடுக்கம் இருந்தால் எடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எனவே இரண்டு பொருள்களுக்கும் தனித்தனியே விசைப்படம் வரையுங்கள்.

வாளிக்கு: 30 − இழுவிசை = 3 × முடுக்கம்
கப்பிக்கு: இழுவிசை × 0.2 = 0.08 × கோண முடுக்கம்

கயிறு நழுவவில்லை என்பதால் முடுக்கம் = 0.2 × கோண முடுக்கம். இதைக் கப்பியின் சமன்பாட்டில் இட்டால் இழுவிசை = 2 × முடுக்கம் என்றாகிறது. பிறகு 30 = 5 × முடுக்கம்; முடுக்கம் 6 மீ/வி², கோண முடுக்கம் 30 ரேடியன்/வி². இழுவிசை வெறும் 12 நியூட்டன், எடையில் பாதிகூட இல்லை.

வாளி இல்லாமல், ஒருவர் கயிற்றைக் கையால் 30 நியூட்டன் விசையோடு இழுத்திருந்தால் உங்கள் 75 தான் சரியான விடை. அங்கே இழுவிசையே 30. பார்வைக்கு இரு கணக்குகளும் ஒன்றுபோலவே இருப்பதால்தான் இவ்வளவு பேர் இங்கே தடுக்குகிறார்கள்.

நீங்கள் எடுத்த 6 நியூட்டன் மீட்டரை வீசிவிடவும் வேண்டாம். கப்பி, வாளி இரண்டையும் சேர்த்து ஒரே அமைப்பாக எடுத்து, அச்சைப் பற்றிக் கோண உந்தத்தைக் கணக்கிட்டால் வெளியிலிருந்து வரும் திருப்பு விசை அதே 6 தான். அப்போது வாளியின் பங்கையும் சேர்க்க வேண்டும்: 3 × 0.2² = 0.12. மொத்தம் 0.08 + 0.12 = 0.20. இப்போது 6 ÷ 0.20 = 30. விசையைக் கணக்கிடும்போது வாளியைச் சேர்த்துவிட்டு, நிலைமத்தில் அதை விட்டுவிட்டதுதான் உங்கள் பிழை.

ஆற்றலைக் கொண்டும் சரிபார்க்கலாம். 3 மீட்டர் இறங்கியதும் வேகம் 6 மீ/வி, கோண வேகம் 30 ரேடியன்/வி. வாளியின் இயக்க ஆற்றல் 54 ஜூல், கப்பியினுடையது 36 ஜூல். கூட்டினால் 90; வாளி இழந்த நிலை ஆற்றலும் 3 × 10 × 3 = 90.

தேர்வில் இதே கணக்கைச் சற்று மாற்றிக் கேட்பார்கள். அச்சில் 0.4 நியூட்டன் மீட்டர் உராய்வுத் திருப்பு விசை இருந்தால் அதைக் கப்பியின் சமன்பாட்டில் மட்டும் கழியுங்கள், முடுக்கம் 5.6 ஆகும். தட்டுக்குப் பதில் அதே நிறையுள்ள வளையம் என்றால் நிலைமத் திருப்புத்திறன் இரட்டித்து 0.16 ஆகி, முடுக்கம் சுமார் 4.3-க்கு இறங்கும். கப்பியின் மறுபக்கம் 1 கிலோ எடை தொங்கினால் முடுக்கம் 20 ÷ 6, அதாவது சுமார் 3.3. அப்போது இருபக்க இழுவிசைகளும் ஒன்றல்ல: வாளிப் பக்கம் 20 நியூட்டன், மறுபக்கம் சுமார் 13.3. அந்த வேறுபாடுதான் கப்பியைத் திருப்புகிறது. இருபுறமும் ஒரே இழுவிசை என்று எழுதலாம் என்பது கப்பியின் நிறையைப் புறக்கணித்து, அச்சில் உராய்வும் இல்லை என்று கொள்ளும் கணக்குகளுக்கு மட்டுமே.