நுகத்தடிக் காய்ப்பும் கொம்பில் வரும் புற்றும்

கேள்வி: என்னிடம் காங்கேயம் வண்டி மாடுகள் ஒரு ஜோடி இருக்கின்றன. இரண்டுக்கும் 8 வயது. வலத்து மாட்டுக்கு நுகத்தடி படும் இடத்தில் முடி கொட்டி, தோல் தடித்துக் கல்போல் ஆகிவிட்டது. புற்றுநோய் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன மருந்து போடலாம்? இடத்து மாடும் பத்து நாளாகத் தலையை ஆட்டுகிறது, ஒரு கொம்பைச் சுவரில் தேய்க்கிறது. அந்தப் பக்க மூக்கில் லேசாக இரத்தம் கலந்த சளி. சூடு என்று விட்டுவிட்டேன்.
(விவசாயி, தாராபுரம்)

பதில்: ஐயா, கழுத்துக்கு மருந்து அப்புறம் சொல்கிறேன். கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த இடத்து மாட்டை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு போன் போட்டாலும் வருவார்கள்.

கொம்புக்குள் எலும்பு, எலும்புக்குள் வெற்றிடம். அந்த வெற்றிடம் நெற்றிக் குழியோடு சேர்ந்து மூக்கு வரை போகிறது. அதனால்தான் கொம்பில் கோளாறு என்றால் அதே பக்க மூக்கில் இரத்தம் காட்டும். உள்ளே மெல்லிய சளிச்சவ்வு இருக்கிறது. கயிறு இழுத்தும் இடிபட்டும் ஓயாத உறுத்தல் இருந்தால், சவ்வின் செல்கள் தங்கள் சுபாவத்தை மாற்றிக்கொண்டு தோல்போல அடுக்கடுக்காக வளரும். அதுவரை அது தற்காப்புதான். சில மாடுகளில் அது கட்டு மீறிப் புற்றாகிவிடுகிறது. நீண்ட கொம்புள்ள நாட்டு மாடுகளில், அதுவும் காயடித்த எருதுகளில், 5 முதல் 10 வயதுக்குள் அதிகம். எருமையில் அபூர்வம்.

உங்கள் மாட்டுக்கு அதுதான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். கொம்பில் விரிசல் விட்டாலும், உள்ளே சீழ் பிடித்தாலும் இதே அடையாளங்கள் வரும். கொம்பின் அடியைப் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலோ கொம்பு ஆடினாலோ ஒரு நாளும் தள்ளாதீர்கள். விட்டால் கொம்பு சாய்ந்து விழும், அந்த இடத்தில் காலிபிளவர் மாதிரி சதை வளரும், புழு வைக்கும். ஆரம்பத்திலேயே மரத்துப்போகும் ஊசி போட்டுக் கொம்பை அடியோடு எடுத்துவிட்டால் மாடு பிழைக்க வழி உண்டு. எடுத்த சதையில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். புற்று என்று உறுதியானால் வின்கிறிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். கன்றிலேயே கொம்புக் குருத்தைச் சுட்டுவிட்டால் இந்த நோய்க்கே இடமில்லை. ஆனால் காங்கேயம் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்!

இனி கழுத்துக்கு வருவோம். மண்வெட்டி பிடிக்கிற உங்கள் உள்ளங்கையிலும் காய்ப்பு இருக்குமே, இதுவும் அதே சங்கதிதான். அழுத்தம் பட்ட இடத்தில் செல்கள் பெருகி, மேல்தோல் தடிக்கிறது. அழுத்தம் நின்றால் பெருக்கமும் நிற்கும். புற்று அப்படி நிற்காது. ஆகவே முதல் மருந்து ஓய்வு. வீக்கமும் சூடும் இருந்தால் மெக்னீசியம் சல்பேட்டைக் கிளிசரினில் குழைத்துப் பூசுங்கள். தோல் வெடித்துப் புண்ணாகி, ஓய்வு கொடுத்தும் சில வாரத்தில் ஆறவில்லை என்றால் மட்டும் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். கிரீஸ், பழைய ஆயில் எதுவும் தடவ வேண்டாம்.

நுகத்தடியையும் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் இழைத்துவிடுங்கள். ஜோடியில் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றாலும் பாரம் ஒரு கழுத்தில்தான் இறங்கும். இடத்து மாடு எப்படியும் கொஞ்ச நாள் கட்டுத்தறியில் நிற்கப் போகிறது. அதுவரைக்கும் என்று பக்கத்துத் தோட்டத்து மாட்டை இரவல் வாங்கி வலத்து மாட்டோடு பூட்டிவிடாதீர்கள்.