மாத்திரை கொடுத்தது யார்?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒருமுறை வேலூரில் கீமோ. பகலில் அக்கா, இரவில் நான் பார்த்துக்கொள்கிறோம். பெங்களூரிலிருந்து அண்ணன் போனில் அதட்டுவார். போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். அக்கா மாத்திரை கொடுத்ததை என்னிடம் சொல்லவில்லை. விடிகாலையில் உடம்பு அனலாய்க் கொதிக்க, ஆட்டோ பிடித்து ஓடினோம். இப்போது அக்காவும் நானும் பேசுவதில்லை. — வாசகி, குடியாத்தம்

பதில்: அக்கா மேல் கோபப்படாதீர்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கீமோ போட்டவர்களுக்குத்தான் கணக்கு வேறு. ஊசி ஏறிய 7 முதல் 14 நாளுக்குள், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். கேட்காமல் மாத்திரை போட்டால் சூடு தணியும், உள்ளே கிருமி வேலையைத் தொடரும். இதை அக்காவிடம் யாராவது சொன்னார்களா? டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார், உங்களோடு நின்றிருக்கும்.

என் மாமியாரைப் பார்த்துக்கொண்டபோது மலச்சிக்கல் சிரப்பை நானும் ஓரகத்தியும் ஆளுக்கொரு தடவை ஊற்றிவிட்டோம். பாவம், அன்றிரவு அவர் பட்ட பாடு! மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பேனாவை நூலில் கட்டி, சமையலறை ஆணியில் மாட்டினோம். 'இரவு 8.15. சூடு 99. இட்லி ஒன்றரை. வாந்தி ஒரு தடவை. வாந்தி மாத்திரை கொடுத்தாச்சு.' அவ்வளவுதான் எழுதுவோம். வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். குட் மார்னிங் படங்களுக்கு நடுவே மாத்திரைக் கணக்கைத் தேட முடியாது. சித்தி கொண்டுவரும் கஷாயமும் நோட்டில் ஏறட்டும்; டாக்டருக்குத் தெரிய வேண்டியது அது.

டாக்டரிடம் பேசுவது ஒருவராகவே இருக்கட்டும். அன்றைக்கே மற்ற இருவருக்கும் அவர் சொல்லிவிட வேண்டும். அண்ணன் அதட்டுவது தூரத்தில் இருக்கும் பயத்தில்தான். காப்பீட்டுக் காகிதம், பில் கணக்கு எல்லாம் அவர் தலையில் கட்டுங்கள். கையில் வேலை இருந்தால் குரல் தானாக இறங்கும்.

அப்புறம், அம்மா காதில் விழக்கூடாதென்று அடுப்படியில் குசுகுசுக்கிறீர்களா? அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த முறை வேலூருக்குக் கிளம்பும்போது நோட்டையும் பையில் வையுங்கள். டோக்கனோடு காத்திருக்கும் நேரத்தில், டாக்டரிடம் கேட்க வேண்டியதை அம்மா சொல்லச் சொல்ல, அக்கா கடைசிப் பக்கத்தில் எழுதட்டும்.