வாசலில் மணக்க எந்தச் செடி?

கேள்வி: வீட்டு முன்னால் எட்டடிக்குப் பத்தடி மண் இருக்கிறது. காலையில் ஐந்து மணி நேரம் வெயில், மதியத்துக்கு மேல் நிழல். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டும், பூ மணக்க வேண்டும், ஜன்னலை மறைக்கக் கூடாது. குண்டுமல்லி, காமினி, நந்தியாவட்டை, பவழமல்லி, இரவுராணி என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், மூன்று போதும். வாங்கும்போது எல்லாச் செடியும் பையில் முழங்கால் உயரம்தான் இருக்கும், அதைப் பார்த்து நெருக்கி நட்டுவிட்டால் மூன்றாவது வருஷம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, அடியில் இலை கொட்டிப்போய் வெறும் குச்சியாக நிற்கும்.

பவழமல்லியை முதலில் அடித்துவிடுங்கள். எனக்கும் அந்த வாசம் உயிர். ஆனாலும் வறண்ட காலத்தில் அது இலையை உதிர்த்துவிடும், விட்டால் சின்ன மரமாகவே ஆகிவிடும். இரவுராணியும் இந்த இடத்துக்கு ஆகாது. இருட்டியதும் வரும் அந்த மணம் ஜன்னலை ஒட்டி இருந்தால் பலருக்குத் தலைவலியாக முடியும், அதன் வெள்ளைப் பழங்கள் வேறு விஷம், குழந்தைகள் ஓடியாடும் வாசலில் எதற்கு?

என் முதல் தேர்வு காமினி. கறிவேப்பிலையின் நெருங்கிய சொந்தம், இலையைப் பார்த்தாலே தெரியும், ஆனால் கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். நல்ல மழை பெய்து சில நாள் கழித்து ஒரு காலையில் கதவைத் திறந்தால் செடி முழுக்க வெள்ளையாக இருக்கும், மணம் ஆரஞ்சுப் பூவின் மணம் மாதிரி. நாலைந்து நாளில் இதழ் கொட்டிவிடும், அப்புறம் அடுத்த சுற்று வரை ஓய்வு. விட்டால் பத்தடிக்கு மேல் போகும், ஆனால் வெட்டினால் வெட்டிய உயரத்தில் நிற்கும், அதுதான் சின்ன இடத்துக்கு இதன் பெரிய நன்மை. எப்போது வெட்டுகிறீர்கள் என்பதில் மட்டும் கவனம் தேவை. நான் ஒரு வருஷம் மாதாமாதம் கத்தரித்துப் பெட்டி போல அழகாக வைத்திருந்தேன், ஒரு பூ இல்லை. மொட்டு வைக்கும் நுனியைத்தானே வெட்டிக்கொண்டிருந்தேன்! பூத்து முடிந்த கையோடு ஒருமுறை வெட்டிவிட்டு விட்டுவிடுங்கள். பக்கத்தில் எலுமிச்சை இருந்தால் மட்டும் காமினி வேண்டாம். எலுமிச்சை வகைகளுக்குப் பசுமையாதல் நோயைப் பரப்பும் சின்னப் பூச்சிக்கு இந்தச் செடி மிகவும் பிடிக்கும்.

வெயில் அதிகம் விழும் மூலையைக் குண்டுமல்லிக்குக் கொடுங்கள். நிழலில் வைத்தால் இலை மட்டும்தான் வரும். புதிதாக விடும் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், அதனால் காமினிக்குக் காட்டும் தயக்கம் இதற்கு வேண்டாம், பூக்கும் பருவத்துக்கு முன்னால் நன்றாகவே கவாத்து செய்யலாம். சாயங்காலம் பச்சையும் வெள்ளையுமாக இறுக்கி மூடியிருந்த மொட்டு, இருட்டி ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் விரிந்திருக்கும், அந்த நேரத்து மணத்துக்காகவே இதை வாசற்படியை ஒட்டி வைக்கச் சொல்கிறேன்.

நிழல் பக்கத்துக்கு நந்தியாவட்டை. மணம் மெல்லியது, ராத்திரியில்தான் தெரியும், ஆனால் நிழலைப் பொறுத்துக்கொண்டு அநேகமாக வருஷம் முழுக்கப் பூக்கும். கிளையை ஒடித்தால் பால் வரும், அது நஞ்சு, கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள்.

சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். நடுவில் தெரியும் வெற்று மண்ணைப் பார்த்துக் கை அரிக்கும், இன்னொரு செடி வைக்காமல் காய்ந்த இலையைப் பரப்பி மூடிவையுங்கள்.

கேள்வி: கந்தராஜ் (கார்டீனியா) செடி வைத்து ஒரு வருஷம் ஆகிறது. இலை மஞ்சளாகிறது, மொட்டு விரியாமலே உதிர்கிறது. உரம் போட்டும் பயன் இல்லை.

பதில்: எந்த இலை மஞ்சள் என்று கிட்டப் போய்ப் பாருங்கள். புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கார மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் செடியால் அதை எடுக்க முடியாது. கந்தராஜுக்கு மண்ணின் பிஎச் (அமில, கார அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 5 முதல் 6 வரை இருந்தால் சுகம். இன்னும் உரம் போடாதீர்கள். முடிந்தவரை மழைநீர் ஊற்றுங்கள், இலைமக்கு நிறையச் சேருங்கள், அவசரத்துக்கு இரும்புச் செலேட் (செடி எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் உள்ள இரும்பு) கொடுக்கலாம். மொட்டு உதிர்வது பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு, ஒரு வாரம் காயவிட்டு மறுநாள் குளமாக்கினால் முதலில் மொட்டைத்தான் கைவிடும். உங்கள் மண் கார மண் என்றால் தரையை விட்டுத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், அங்கே மண் உங்கள் கையில்.

கேள்வி: பனி விழும் ஊரில் இருக்கிறேன். இங்கே மல்லிகை வெளியில் பிழைக்காது. வேறு என்ன வைக்கலாம்?

பதில்: சார்கோகோக்கா. இடுப்பளவுதான் வளரும், முழு நிழலிலும் பச்சையாக நிற்கும், நடுக் குளிர்காலத்தில் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பூவிலிருந்து தேன் மணம் வரும். கொஞ்சம் வெயில் இருந்தால் டாஃப்னி ஓடோராவும் வைக்கலாம், ஆனால் அதை ஒருமுறை நட்டால் பெயர்க்கக் கூடாது, வேர் அசைந்தால் செத்துவிடும். செடி முழுக்க விஷம் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். மல்லிகை இல்லாமல் முடியாது என்றால் தொட்டியில் வைத்து, குளிருக்கு முன்னால் வெயில் விழும் ஜன்னலோரம் உள்ளே எடுத்துவிடுங்கள்.