நாய்க்குக் கண் சிவந்தால் என்ன செய்வது? பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

அல்சூர்: டாக்டர், எங்கள் நாட்டு நாய்க்கு நேற்றிலிருந்து கண் சிவந்து நீர் வடிகிறது. போன வாரம் என் பையனுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. அவனிடமிருந்து தொற்றிக்கொண்டதா?

இல்லை அம்மா. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் மனிதர்களைத் தாக்கும் அடினோவைரஸால் வருவது, அது நாய்க்குப் போகாது. தூசி, மகரந்தம், இமைக்குள் சிக்கிய புல் விதை, உள்ளே மடங்கிய இமை என்று நாய்க்குக் கண் சிவக்கக் காரணங்கள் வேறு. கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறதா, சுருக்குகிறதா என்று பாருங்கள். சுருக்கினால் வலிக்கிறது என்று பொருள். இரண்டு கண்ணிலும் தெளிந்த நீர், நாயும் வழக்கம்போல ஓடியாடுகிறது என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனால் கழுவி ஒரு நாள் பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சு எடுங்கள். கண்ணைச் சுருக்குவது, மஞ்சள் அல்லது பச்சைப் பீளை, கருவிழியில் மங்கல், ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எஜிபுரா: போன வருஷம் இதே நாய்க்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. அதையே போடலாமா சார்?

தயவுசெய்து போடாதீர்கள். பாட்டில் திறந்து ஒரு மாதம் ஆனாலே பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் தூக்கிப் போட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஸ்டெராய்டு. லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டெராய்டு சேர்ந்த மருந்து. நாயின் கருவிழி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன், அவ்வளவுதான். பூனை கீறியோ, முள் குத்தியோ அங்கே புண் இருக்கும்போது ஸ்டெராய்டு விழுந்தால் புண் ஆறாது, கருவிழி கரைந்து ஓட்டை விழும் அளவுக்கும் போகலாம். முதல் நாள் சிவப்பு குறைவதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம், உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே இருக்கும்.

புண் இருக்கிறதா என்று அறிய ஃப்ளோரசீன் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்போம். புண் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை, வலியும் இல்லை. சிவந்த கண்ணுக்கு ஸ்டெராய்டு எழுதிக் கொடுத்தால், "சாயம் போட்டுப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதே அன்பர்: அப்படியானால் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய்?

ஒன்றும் வேண்டாம். சுத்திகரிக்காத எதுவும் புண்பட்ட கண்ணுக்குள் கிருமியைக் கொண்டுபோகும். வலிக்கிறதே என்று நம் வீட்டு வலி மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம்.

ஃப்ரேசர் டவுன்: எங்கள் பக் நாய்க்குத் தினமும் காலையில் பசை போலப் பீளை. ஆன்டிபயாட்டிக் போட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது.

கண்ணீர் போதாமல் கண் வறண்டிருக்கலாம். பக், ஷிட்சூ நாய்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம். ஷிர்மர் சோதனை செய்யச் சொல்லுங்கள். இமைக்குள் ஒரு காகிதப் பட்டையை வைத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளப்பார்கள். 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நனைந்தால் சரி. 10-க்குக் கீழே, கூடவே இப்படிப் பீளையும் இருந்தால் வறட்சிதான். சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் கண் மருந்து கண்ணீரைத் திரும்பச் சுரக்க வைக்கும், ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பெரும்பாலும் ஆயுள் முழுவதும் போட வேண்டிவரும். விட்டுவிட்டால் கருவிழியில் கறுப்புப் படர்ந்து பார்வையே மறைந்துவிடும்.

ஜாலஹள்ளி: லாப்ரடாருக்கு ஒரு கண் நீலம் பூத்தாற்போல் இருக்கிறது. சாப்பிடவும் இல்லை. போன மாதம் நிறைய உண்ணி இருந்தது.

நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், இப்போதே கிளம்புங்கள். கண்மணி சுருங்கியிருந்தால் கண்ணுக்குள்ளேயே அழற்சி இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி இதற்கு முக்கியமான ஒரு காரணம், அதனால் இரத்தப் பரிசோதனையும் தேவை. கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கும் சுருங்காமல் இருந்தால் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அது திடீரென எகிறினால் ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடும். பக்கத்துக் கிளினிக்கில் அழுத்தம் அளக்கும் கருவி இல்லையென்றால், ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

வைட்ஃபீல்டு: கண் ஓரத்தில் சிவப்பாக ஒரு சதை உருண்டை. வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

வெட்ட வேண்டாம். அது மூன்றாம் இமையின், அதாவது நாய்க்குக் கண்ணின் உள் ஓரத்தில் இருக்கும் கூடுதல் இமையின், சுரப்பி. கண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. எடுத்துவிட்டால் பின்னால் கண் வறட்சி வரும். உள்ளே தள்ளித் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லுங்கள்.

விவேக் நகர்: தெருக் குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமலும் இருக்கிறது.

நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், கண் மருந்து மட்டும் போதாது. மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்து உடனே காட்டுங்கள். உங்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அல்சூர்: கடைசியாக ஒன்று டாக்டர். பாட்டிலைப் பார்த்தாலே ஓடுகிறது. எப்படிப் போடுவது?

பின்னால் உட்கார்ந்து, தாடையைத் தாங்கி, தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவாருங்கள். பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில். போட்டதும் பிடித்த தின்பண்டம் ஒன்று கொடுங்கள், மறுநாள் ஓடுவது குறையும். அப்புறம், பாவமாக இருக்கிறது என்று கழுத்திலுள்ள கூம்புக் காலரைக் கழற்றிவிடாதீர்கள். ஆறிவரும் புண்ணை ஒரே சொறியில் கிழித்துக்கொள்ளும்.