பூட்டியும் தீராத சந்தேகம்: மனநல மருத்துவர் பதில்கள்

நாகர்கோவிலுக்கு வேலைக்குக் கிளம்பும் என் மனைவி, தக்கலையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருகிறாள். நான் மூடிவிட்டேன் என்றாலும் நம்புவதில்லை. மறதியா?
– வாசகர், மார்த்தாண்டம்

மறதியாகத் தெரியவில்லை. மூடியது அவருக்கு நினைவிருக்கும். அந்த நினைவை நம்பத்தான் முடியவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க நம்பிக்கை இன்னும் தேயும். எண்ணச் சுழற்சி நோயான ஓ.சி.டி.யின் போக்கு இது. நீங்கள் சொல்லும் சமாதானமும் அதற்குத் தீனிதான். சட்டென்று நிறுத்திச் சண்டை போடாதீர்கள். ஒரு முறைக்கு மேல் சொல்வதில்லை என்று இருவரும் பேசி முடிவெடுங்கள்.

நற்கருணை வாங்கும்போது மாதாவைப் பற்றி மகா அசிங்கமான எண்ணம் வருகிறது. வாரம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தும் போகவில்லை. என்னைப் பிசாசு பிடித்திருக்கிறதா?
– வாசகர், குளச்சல்

இல்லை. வேண்டாத எண்ணம் எல்லார் மனதிலும் எட்டிப் பார்க்கும்; பலரும் பொருட்படுத்துவதில்லை. மாதா உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்பதால்தான் இப்படித் துடிக்கிறீர்கள். மனிதர் எதைப் பெரிதாக மதிக்கிறாரோ, அங்கேதான் இந்த நோய் கைவைக்கும். சன்னதியில் கூப்பிய கையோடு தவிப்பவர்களும், தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவைச் சரியாகச் செய்தோமா என்று மறுபடி மறுபடி கழுவுகிறவர்களும் உண்டு. கோட்டாறு சவேரியாரின் தோழரும் சேசு சபையை நிறுவியவருமான இஞ்ஞாசியார்கூட 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், சொல்லி முடித்த பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுத் தவித்தவர். பழையவற்றைக் கிளறாதே என்றார் அவருடைய குரு. உங்கள் பங்குத்தந்தையிடமும் இதை நோய் என்றே சொல்லுங்கள். எண்ணத்தை விரட்டாதீர்கள், வந்தால் வரட்டும், ஜெபத்தைத் தொடருங்கள்.

செருப்புகள் வரிசையாக இல்லாவிட்டால் எனக்குப் பிடிக்காது. ஓ.சி.டி. என்று கேலி செய்கிறார்கள்.
– வாசகி, குலசேகரம்

வெறும் ஒழுங்கு. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, செய்யாவிட்டால் பதறினாலோ பார்க்கலாம்.

மகன் கழுவிக் கழுவிக் குளியலறையிலேயே கிடக்கிறான். மாந்திரீகம் பார்க்கச் சொல்கிறார்கள். மாத்திரை ஆயுளுக்கும் வேண்டுமோ?
– ஒரு தாய், தோவாளை

மாந்திரீகத்துக்குப் போகும் பணம் வீண். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஃபுளுவாக்செடின் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாம் வாரமே பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். குணமான பிறகும் ஓராண்டாவது தொடர்ந்து, மருத்துவர் சொன்னால் மெல்லக் குறைக்கலாம். கூடவே நடத்தைப் பயிற்சியும் வேண்டும்: கதவைத் தொட்டுவிட்டு, கழுவாமல், பதற்றம் தானே இறங்கும்வரை இருக்கப் பழக்குவார்கள். வர மறுத்தால், முதலில் நீங்களே 14416-க்கு அழைத்துத் தமிழில் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல எண்.